காமாட்சி ஊரில் ஒரு பல்லிச் சந்தை

காஞ்சீபுரம் போய் வரதராஜப் பெருமாளைச் சேவித்தவர்கள், அங்கே விதானத்தில் பதித்திருக்கும் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொடாமல் திரும்பியிருக்க மாட்டீர்கள். நானும் தொட்டிருக்கிறேன். கலியாணமான புதிதில் ஒரு தரம். பெண் பிறந்த பிறகு ஒரு தரம். தலையில் பல்லி விழுந்த தோஷமெல்லாம் அதோடு போய்விடும் என்பார்கள். தோஷம் போயிற்றோ என்னவோ, பல்லியின் மேல் எனக்கிருந்த அருவருப்பு மட்டும் போகவே இல்லை. சமையலறைச் சுவரில் ஒன்று தலை நீட்டினால் போதும், என் கை துடைப்பத்தைத் தேடும்.

அப்பேர்ப்பட்ட என்னை, அறுபத்தெட்டாவது வயதில், ஜெர்மனி தேசத்துக்குக் கொண்டுபோய்ப் பல்லி வாங்க வைத்தான் என் பேரன் என்றால் நம்புவீர்களா?

என் பெண்ணும் மாப்பிள்ளையும் டார்ட்மண்டு நகரத்தில் இருக்கிறார்கள். நாலாவது மாடி, சாய்ந்த ஓட்டுக் கூரைக்கு நேர் கீழே வீடு. ஜன்னலைத் திறந்தால் வானம்தான் தெரியும். பேரனுக்கு வயது பதினொன்று. அவனுக்கு ஒரு பிராணி வேண்டுமென்று இரண்டு வருஷமாக ஆசை. ஆனால் நாய், பூனை ரோமம் பட்டால் குழந்தைக்கு மூச்சிரைக்கும். புதுப் பள்ளிக்கூடத்தில் சிநேகிதர்களும் இன்னும் சேரவில்லை. சாயங்காலமானால் ஜன்னலோரம் உட்கார்ந்து விடுவான். "ரோமம் இல்லாத பிராணியாகப் பார்க்கலாமே" என்று டாக்டர் ஒரு வார்த்தை சொன்னாலும் சொன்னார், பையன் 'பல்லி' என்று பிடித்துக் கொண்டான். நான் போய் இறங்கிய மறுநாளே, "பாட்டி, இந்த சனிக்கிழமை ஹாம்முக்குப் போகிறோம். நீயும் வருகிறாய்" என்று உத்தரவு போட்டுவிட்டான். அது 2023 செப்டம்பர்.

ஹாம் என்பது டார்ட்மண்டிலிருந்து ரயிலில் அரை மணிக்கும் குறைவான தூரத்தில், லிப்பே நதிக்கரையில் இருக்கும் ஊர். ஒரு காலத்தில் நிலக்கரி வெட்டிய பிரதேசம். நிலக்கரி கழுவிய பழைய கட்டடம் ஒன்றை 1984-ல் நடந்த தோட்டக் கண்காட்சிக்காகக் கண்ணாடி யானையாக மாற்றி வைத்திருக்கிறார்கள். முப்பத்தைந்து மீட்டர் உயரம். தூரத்திலிருந்தே தும்பிக்கை தெரிகிறது. ஆனால் யானையைப் பார்க்க நாங்கள் போகவில்லை. அந்த ஊருக்கு வேறு இரண்டு பெருமைகள் உண்டு. ஒன்று, அங்கே காமாட்சி அம்மன் இருக்கிறாள். மற்றொன்று, உலகத்திலேயே மிகப் பெரியது என்று சொல்லப்படும் ஊர்வன சந்தை வருஷத்துக்கு நாலு தடவை, மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களில் அங்கேதான் கூடுகிறது. காமாட்சியும் பல்லியும் ஒரே ஊரில்! காஞ்சியை விட்டால் இந்தப் பொருத்தம் வேறு எங்கே கிடைக்கும், சொல்லுங்கள்?

"முதலில் அம்பாளைப் பார்த்துவிட்டுத்தான் பல்லி" என்று நான் கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டேன். எங்களோடு கீழ் வீட்டு யாழ்ப்பாணத்து அம்மாளும் காரில் ஏறிக் கொண்டார். எண்பதுகளில் ஊரில் கலவரம் வந்தபோது கைக்குழந்தையோடு ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தவர். அந்தக் கோவில் சிறியதாக ஒரு நிலவறையில் இருந்த நாளிலிருந்தே அவருக்குப் பழக்கமாம். இப்போது இருக்கும் கோவிலுக்குக் கும்பாபிஷேகம் ஆனது 2002-ல். சுற்றிலும் தொழிற்சாலைக் கொட்டகைகளும் லாரிகளும். நடுவில் பதினேழு மீட்டர் ராஜகோபுரம்! நம் பக்கத்துச் சிற்பிகள் வந்து செய்த பொம்மைகள். தேர்த் திருவிழாவின்போது ஐரோப்பா முழுவதிலிருந்தும் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். தீர்த்தவாரி அங்கே ஓடும் கப்பல் கால்வாயில். காமாட்சி சந்நிதியில் நிற்கும்போது கற்பூர வாசனை வந்தது பாருங்கள், டார்ட்மண்டு, ஹாம் எல்லாம் மறந்து நான் காஞ்சியிலேயே இருந்தேன். என்ன வேண்டிக் கொண்டேன் என்று கேட்காதீர்கள். 'தாயே, அங்கே பல்லி எதுவும் என் மேல் விழாமல் பார்த்துக்கொள்' என்பதுதான்.

சந்தை நடக்கும் மண்டபங்கள் கோவிலிலிருந்து கொஞ்ச தூரம். உள்ளே நுழைந்ததும் நம் பொருட்காட்சி ஞாபகம் வந்தது, அத்தனை கூட்டம்! வரிசை வரிசையாக மேஜைகள். மேஜையின் மேல் இட்லி மாவு வைக்கிற டப்பா மாதிரி பிளாஸ்டிக் டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஜீவன். மஞ்சள், பச்சை, சிவப்பு, புள்ளி, கோடு என்று நம் ஜவுளிக் கடையில் சேலை விரித்த மாதிரி நிறங்கள். முதல் கால் மணி நேரம் முந்தானையை இறுக்கப் போர்த்திக்கொண்டு மாப்பிள்ளையின் முதுகுக்குப் பின்னாலேயே நடந்தேன். பிறகு என்னையறியாமலே எட்டிப் பார்க்க ஆரம்பித்தேன்.

டப்பாவின் மேல் சீட்டு ஒட்டியிருக்கிறது. அதில் 1.0 என்றிருந்தால் ஆண், 0.1 என்றிருந்தால் பெண். பக்கத்திலேயே இரண்டு எழுத்து. 'என்-ட்ஸெட்' என்றால் மனிதர் பராமரிப்பில் முட்டையிலிருந்து பிறந்து வளர்ந்தது. 'வே-எஃப்' என்றால் காட்டிலிருந்து பிடித்து வந்தது. சகோதரிகளே, முதன்முதலாகப் பல்லி வாங்குகிறவர்கள் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் இந்த எழுத்தைத்தான் பார்க்க வேண்டும். காட்டில் பிடித்தது பயந்து போயிருக்கும், பட்டினி கிடக்கும், வயிற்றில் புழு இருக்கும், வாங்கிப்போன மாதத்திலேயே செத்தாலும் சாகும். குழந்தைக்குக் கொடுக்கிற முதல் பிராணி அப்படிப் போகலாமா?

பேரனின் மனத்தில் ஏற்கனவே ஒன்று இருந்தது. லைப்ரரிப் புஸ்தகத்தில் பார்த்த படம்; மூக்கின் நுனியில் கொம்பு வைத்த பல்லி. "இது ஸ்ரீலங்காவிலே இருக்கிறது பாட்டி, நுவரெலியா மலையிலே!" என்று படத்தை நீட்டினான். பார்க்க அழகாகத்தான் இருந்தது, குட்டிக் காண்டாமிருகம் மாதிரி. யாழ்ப்பாணத்து அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "தம்பி, நாங்கள் விசா எடுத்து வந்தனாங்கள். இதுக்கு ஆர் விசா குடுத்தது?" என்று கேட்டார்.

பையன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. "எங்கட மலையில இருக்கிறதை இஞ்ச கொண்டு வந்து பெட்டியில அடைக்கிறதோ? இந்தக் குளிர் எனக்கே இன்னும் பழகேல்ல" என்றார்.

பிறகுதான் மாப்பிள்ளை விவரம் சொன்னார். இலங்கையை விட்டால் உலகத்தில் வேறு எங்குமே இல்லாத இனங்கள் இவை. அவற்றை வியாபாரத்துக்கு வெளியே கொண்டுபோக அந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. அப்படியிருந்தும் ஐரோப்பாவில் சேகரிப்பவர்களுக்காகக் கள்ளத்தனமாய்க் கடத்தியிருக்கிறார்கள். கடைசியில் 2019-ல் இலங்கை அரசாங்கம் கேட்டுக்கொண்டு, கொம்புப் பல்லிகளைச் சர்வதேச வியாபாரக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கச் செய்தது. பேரன் ஒன்றும் பேசவில்லை. புஸ்தகத்தை மூடிப் பைக்குள் வைத்துக் கொண்டான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

அப்புறம் ஒவ்வொரு மேஜையாகச் சுற்றினோம். உள்ளங்கையில் அடங்குகிற பச்சைக் குட்டி ஒன்று, தளிர் வெற்றிலை நிறம். இகுவானா என்று பெயர். "இதையே வாங்கலாமே" என்றேன். மாப்பிள்ளை கையை இரண்டு பக்கமும் விரித்துக் காட்டினார். வளர்ந்தால் ஐந்து, ஆறு அடி! அதற்கு ஓர் அறையே ஒழித்துவிட வேண்டும். பச்சோந்திகளைப் பார்த்தால் வேடிக்கைதான். ஒரு கண் கிழக்கே பார்க்க, மற்றது மேற்கே பார்க்கிறது. ஆனால் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் அவை பெரும்பாலும் குடிக்காதாம். இலையில் சொட்டுகிற துளியைத்தான் நக்கும். தொட்டால் பிடிக்காது. சீக்குப் பிடித்தாலும் வெளியே காட்டிக்கொள்ளாது. புது மருமகள் மாதிரி என்று நினைத்துக் கொண்டேன். கைதேர்ந்தவர்களுக்கே அது கடினம்.

ஆஸ்திரேலியாவின் தாடிப் பல்லி மட்டும் என்னைக் கொஞ்சம் மயக்கிவிட்டது. நல்ல சாது. பகலில் விழித்திருக்கிறது, கீரை தின்கிறது, தாத்தா சாய்வு நாற்காலியில் படுப்பது மாதிரி கட்டையின் மேல் சாய்ந்து நம்மையே பார்க்கிறது. குழந்தைகளோடு நன்றாய்ப் பழகுமாம். ஆனால் ஒன்றரை, இரண்டடி வளரும். நாலடி நீளக் கண்ணாடிப் பெட்டி வேண்டும். வெயில் காய்கிற இடத்தில் நாற்பது டிகிரி சூடு. அதற்கு மேல் சூரியனுடைய புற ஊதாக் கதிரைத் தருகிற தனி விளக்கு. அது எரிந்துகொண்டே இருந்தாலும் கதிர் குறைந்து போகும் என்பதால் காலாகாலத்தில் மாற்ற வேண்டும். மாப்பிள்ளை மின்சாரக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு மெதுவாக அடுத்த மேஜைக்கு நகர்ந்தார். இடமும் வசதியும் உள்ளவர்களுக்கு அதுவே முதல் பல்லியாக இருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

இதற்குள் நான் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன். எங்கள் வீடு சுத்த சைவம். இந்தப் பிராணிகளோ பெரும்பாலும் உயிரோடு சுவர்க்கோழியும் புழுவும் தின்கின்றன. அதையெல்லாம் நம் வீட்டு அலமாரியில் வைப்பதாவது! ஒரு மேஜையில், கண்ணுக்கு மேலே இமை மயிர் வைத்த மாதிரி அலங்காரத்தோடு ஒரு பல்லி இருந்தது. கொண்டைப் பல்லி. பசிபிக் சமுத்திரத்தில் நியூ கலிடோனியா தீவுதான் அதற்குப் பூர்வீகம். அந்த இனமே அழிந்து போயிற்று என்று உலகம் நினைத்திருந்த வேளையில், 1994-ல் மறுபடி கண்டுபிடித்தார்களாம். அதற்கு ஆகாரம், பழப் பொடியைத் தண்ணீரில் குழைத்துக் கொடுக்கும் கூழ்! "இதுதான் நமக்குத் தகுந்தது!" என்று கூவிவிட்டேன். சில டப்பாப் பொடிகளில் பூச்சி மாவும் கலந்திருக்கும் என்று பிற்பாடு தெரிந்தது, அது கிடக்கட்டும்.

அந்த மேஜைக்குச் சொந்தக்காரர் வெள்ளை மீசைக் கிழவர். கொண்டைப் பல்லியும் சிறுத்தைப் பல்லியுமாக, இரண்டே இனத்தைத் தம் வீட்டு நிலவறையில் வளர்க்கிறவர். நாங்கள் பணப்பையைத் திறக்குமுன் அவர் கேள்வி கேட்கத் தொடங்கினார். நம் பக்கத்தில் பெண் கொடுக்கிறவர்கள் கூட அவ்வளவு விசாரிக்க மாட்டார்கள்! பையனுக்கு என்ன வயது? அப்பா சம்மதித்தாரா? (பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெற்றோர் சம்மதமில்லாமல் முதுகெலும்புள்ள பிராணி எதையும் கொடுக்கக் கூடாது என்று அங்கே சட்டமிருக்கிறது.) பெட்டி தயாராக இருக்கிறதா? வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை உண்டா? ஊருக்குப் போனால் யார் ஆகாரம் வைப்பார்கள்? ஊர்வனவுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் எங்கே இருக்கிறார் என்று தெரியுமா?

கடைசியில், "எத்தனையாவது மாடி?" என்றார்.

"நாலாவது. கூரைக்கு அடியில்."

"கோடையில் சூடு எவ்வளவு?"

மாப்பிள்ளை தயங்கினார். 2019 ஜூலை 25-ந் தேதி அந்த மாநிலத்தில் 41.2 டிகிரி வெயில் அடித்தது. ஜெர்மனி அதுவரை கண்டிராத சூடு. அன்று அவர்கள் வீட்டுக்குள்ளே நிற்கவே முடியவில்லையாம். கிழவர் தலையை ஆட்டினார். கொண்டைப் பல்லிக்கு 22 முதல் 26 டிகிரிதான் சுகம். 28-க்கு மேல் போனால் தவிக்கும். அதற்கும் மேலே நீடித்தால் பிழைக்காது. "கீழ் வீடாக இருந்தால் நானே கொடுத்திருப்பேன்" என்றார். சிறுத்தைப் பல்லியைக் காட்டி, "உங்கள் வீட்டுக்கு இது" என்றார். என் பழக்கூழ்க் கனவு அதோடு முடிந்தது.

சிறுத்தைப் பல்லியை நான் அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். ஒரு சாண் நீளம். மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி. வால் மட்டும் பருத்து, சேப்பங்கிழங்கு மாதிரி. கொழுப்பை அதில்தான் சேமித்து வைக்கிறது. வால் பருத்திருந்தால் ஆரோக்கியம் என்று அர்த்தம். விரலில் ஒட்டும் தகடு கிடையாது. ஆகையால் சுவரில் ஏறாது, கண்ணாடியில் ஏறாது, தலையில் விழவும் விழாது! இந்த ஒரு செய்தியிலேயே என் மனம் பாதி இளகிவிட்டது. பூர்வீகம் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், நம் இந்தியாவின் வடமேற்கு மூலை. 1854-ல் இதற்கு முதன்முதலில் விஞ்ஞானப் பெயர் வைத்தவர், கல்கத்தாவில் ஆசியாடிக் ஸொஸைடியின் மியூஸியத்தைப் பார்த்துக்கொண்ட எட்வர்ட் பிளைத் என்ற துரை. சூடும் வறட்சியும் பழகிய ஜாதி. அப்படியானால் நம் தேசத்து உறவுதானே!

இன்னொரு விசித்திரமும் கிழவர் சொன்னார். முட்டையை ஏறக்குறைய 26 டிகிரி சூட்டில் வைத்தால் பெரும்பாலும் பெண் குஞ்சு. 32, 33 டிகிரியில் வைத்தால் ஆண் அதிகம். இந்த ரகசியம் நம் ஊர் மாமியார்களுக்கு எட்டாமல் இருப்பதே க்ஷேமம்.

"இது எத்தனை வருஷம் இருக்கும்?" என்று நான் கேட்டேன். பேரன் ஜெர்மன் பாஷையில் கேட்டுச் சொன்னான்: "பதினைந்து, இருபது வருஷம், பாட்டி!" அவன் கணக்குப் போட்டான். "எனக்கு முப்பது வயதாகிற வரைக்கும்!" நானும் எனக்குள் ஒரு கணக்குப் போட்டேன். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்து அம்மாள் என் கையை லேசாக அழுத்தினார்.

அன்று நாங்கள் வெறுங்கையோடுதான் திரும்பினோம். கிழவர் பல்லியைக் கொடுக்க மறுத்துவிட்டார். பெட்டியை வைத்து, சூட்டை ஒரு வாரமாவது ஓட்டிப் பார்த்து, எழுதிக்கொண்டு வா என்று பையனிடம் ஒரு காகிதம் கொடுத்தார். பையனுக்குக் கண்ணில் நீர் முட்டிற்று. எனக்கோ அந்த மனிதர் மேல் மரியாதை வந்துவிட்டது. முதலில் வீடு, பிறகுதான் பிராணி. அவசரப்பட்டு இரண்டையும் ஒரே நாளில் வாங்குகிறவர்கள்தான் பிராணியைச் சாகக் கொடுக்கிறார்கள் என்றார்.

அந்த வாரம் முழுவதும் எங்கள் வீட்டில் கிருஹப் பிரவேச அமர்க்களம்தான். மூன்றடிக் கண்ணாடிப் பெட்டி. ஒரு கோடியில் 32 டிகிரி சூடு. மறு கோடியில் 25. சூடு எல்லை தாண்டாமல் காக்க தெர்மோஸ்டாட் என்ற கருவி. இதை வாங்காமல் மிச்சம் பிடிக்கவே கூடாது, இல்லாவிட்டால் பிராணி வெந்து போகும். ஒளிந்துகொள்ள மூன்று இடம். அதில் ஒன்று ஈரப்பாசி வைத்த சிறு பொந்து, தோல் உரிக்கும் காலத்துக்கு. ஈரம் போதாவிட்டால் உரிந்த தோல் விரலில் மோதிரம் மாதிரி இறுகி, விரலே போய்விடும். தரையில் மெல்லிய மணலைக் கொட்டாமல், தட்டை ஓடு பதித்தோம். மணலைத் தின்று குட்டிகளுக்குக் குடல் அடைத்துக்கொள்வது உண்டாம். பல்லியின் விலை ஐம்பது யூரோவுக்குள். அதன் வீட்டுக்கு ஆனது அதைப்போல் பல மடங்கு. பேரன் காலையும் மாலையும் சூட்டைக் குறித்தான். ஜன்னலோரம் உட்காருவதையே மறந்துவிட்டான்.

பத்தாம் நாள் தங்கம் வந்து சேர்ந்தாள். ஆமாம், பெண் பல்லி, பெயர் தங்கம். காஞ்சிக் கதையை நான் சொன்னதன் பலன்! முதல் ஒரு வாரம் அவளைத் தொடவே கூடாது. தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். அவள் தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் அலம்பவே கூடாது. ஊர்வனவின் உடம்பில் ஸால்மொனெல்லா என்ற கிருமி சாதாரணமாக இருக்கும். அதற்கு ஒன்றும் ஆகாது, சின்னக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வயதானவர்களுக்கும் ஆகும். கிழவர் குழந்தை வயதைக் கேட்டது இதற்குத்தான்.

உங்களில் சிலர், 'சென்னையிலும் ஒன்று வளர்த்தால் என்ன?' என்று யோசிக்கலாம். நம் நாட்டுக் காட்டுப் பிராணிகளைப் பிடித்து வளர்க்க 1972-ம் வருஷத்துச் சட்டம் அனுமதிப்பதில்லை. உடும்பைப் பிடித்தால் ஜெயிலே உண்டு. வெளிநாட்டு இனங்களிலும், சர்வதேசக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவற்றை வைத்திருப்பவர்கள் அரசாங்கத்திடம் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-ல் விதி வந்திருக்கிறது. கொண்டைப் பல்லியை நம் சித்திரை வெயிலில் வைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி புழு விஷயம். தங்கத்துக்கு இரண்டு, மூன்று நாளைக்கு ஒரு தரம், சுண்ணாம்புச் சத்துப் பொடியில் புரட்டிய சுவர்க்கோழியும் மாவுப் புழுவும். 'என்னிடம் மட்டும் சொல்லாதீர்கள்' என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஒரு நாள் பெண்ணுக்கு ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை. மாப்பிள்ளை ஊரில் இல்லை. பையனுக்கு ஜுரம், எழுந்திருக்க முடியவில்லை. "பாட்டி, தங்கம் பசியோடு இருப்பாள்" என்று படுக்கையிலிருந்தே முனகினான். சிவ சிவா என்று கண்ணை மூடிக்கொண்டு இடுக்கியை எடுத்தேன். ஒரு புழுவைப் பிடித்து நீட்டினேன். தங்கம் பொந்திலிருந்து மெல்ல வந்தாள். வால் நுனியை ஆட்டினாள். லபக் என்று வாங்கிக்கொண்டு, என்னை நிமிர்ந்து பார்த்து, இரண்டு கண்ணையும் மூடித் திறந்தாள். நம் சுவர்ப் பல்லிக்கு இமையே கிடையாது, தெரியுமோ? இவளுக்கு உண்டு. அறையிலிருந்து, "சாப்பிட்டாளா பாட்டி?" என்று குரல் வந்தது. "சாப்பிட்டாள். இன்னொன்று கொடுக்கட்டுமா?" என்று கேட்டேன்.

சென்னைக்குத் திரும்பிய பிறகும் ஞாயிற்றுக்கிழமைதோறும் டெலிபோனில் படத்தோடு பேசுகிறோம். முதலில் தங்கத்தின் வாலைக் காட்டுவான், பருத்திருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும். போன வாரம் பேசிக்கொண்டிருக்கும்போது எங்கள் சமையலறைச் சுவரிலிருந்து ஒன்று 'டிச் டிச்' என்று சத்தம் போட்டது. "பாட்டி, யார் அது?" என்று கேட்டான். துடைப்பம் பக்கத்தில்தான் இருந்தது. நான் டெலிபோனைத் திருப்பி, சுவரைக் காட்டினேன்.